தெரிந்த முகம் திரும்பி வரும்போது: வடசென்னையில் ஜாம்பி படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, நண்பர்களோடு சேர்ந்து எடுத்த 12 நிமிட ஜாம்பி குறும்படத்தைத் தெருவாசிகளுக்குத் திரையிட்டோம். ரத்தத்துக்கும் முகப்பூச்சுக்கும் நாங்கள் மெனக்கெட்டிருந்த முதல் பத்து நிமிடங்களுக்குச் சிரிப்பும் விசிலும்தான் கிடைத்தன. பதினோராவது நிமிடத்தில், தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர், ஒரேயொரு ஷாட்டுக்காக நாங்கள் கெஞ்சி அழைத்து வந்தவர், வெளிறிய கண்களோடு சந்துக்குள் திரும்பினார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து ஓடித் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அவளுடைய தம்பிதான் போனான்.

அவருக்கு முகப்பூச்சே சரியாக ஒட்டவில்லை. வியர்வையில் பாதி வழிந்திருந்தது. ஆனால் அந்தச் சிறுமிக்கு அவரைத் தெரியும். "இவர் நம்மவர்" என்று மனம் சொல்வதற்கும் "இனி இவர் நம்மவர் இல்லை" என்று கண் சொல்வதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கிறது. ஜாம்பி படத்தின் பயம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது என்று அன்றிரவு எனக்குப் பட்டது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்தத் தயக்கத்தை எப்படி உண்டாக்குவது, எப்படி நீட்டுவது என்பதைப் பற்றியதே.

படி 1: எந்தப் பயம் என்று முடிவு செய்யுங்கள்

ஜாம்பி பிறந்த ஊர் கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்து மாண்ட மக்களின் நம்பிக்கையில், ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. மந்திரவாதி ஒருவன் எழுப்பிவிட்ட பிறகு, நினைவும் விருப்பமும் இல்லாமல் அவனுக்காக உழைத்துக்கொண்டே இருக்கும் உடல் அது. செத்தாலும் வேலையிலிருந்து விடுதலை இல்லை என்பதுதான் அந்த மக்களை நடுங்க வைத்தது. 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' என்ற அமெரிக்கப் படத்திலும் ஜாம்பிகள் சர்க்கரை ஆலையில் செக்கு மாடுகளைப் போலச் சுற்றி வருகிறார்கள். மனித இறைச்சி தின்னும் கூட்டமாக ஜாம்பி உருமாறியது, 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்துக்குப் பிறகுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தின் வசனத்தில் 'ஜாம்பி' என்ற சொல் ஓரிடத்திலும் வராது.

பிணம் தின்னும் பசி நமக்கும் புதியதன்று. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பந்தி வைத்து உண்கின்றன. ஆனால் பேய்க்கும் ஜாம்பிக்கும் உள்ள வேறுபாட்டைக் கதை எழுதுபவர் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேய்க்கு ஆசை உண்டு, கோபம் உண்டு, தீர்க்கப்படாத கணக்கு உண்டு. வேப்பிலை அடித்துப் பேச வைக்கலாம், கேட்டதைக் கொடுத்து அனுப்பி வைக்கலாம். ஜாம்பிக்கு ஒரு கோரிக்கையும் கிடையாது. தன்னைக் கொன்றவனைத் தேடிப் போய்ப் பழிவாங்கும் ஜாம்பியை எழுதினீர்கள் என்றால், பேய்ப் படத்துக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். என் கணிப்பில், நம் பக்கத்தில் எழுதப்படும் ஜாம்பிக் கதைகளில் பெரும்பாலானவை கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் ஊரின் பயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வடசென்னைக்காரருக்கு அது கடினமான வேலை இல்லை. 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, என்ன நடக்கிறது, எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமலேயே மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளோடு தெருவுக்கு வந்தார்கள். அந்தத் துயரத்தை உங்கள் படத்துக்கு விளம்பரமாக்காதீர்கள். அப்படிப்பட்ட இரவில் மனிதர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள், யாரை முதலில் எழுப்புகிறார்கள், பூட்டிய வீட்டை எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்கள் என்பவற்றை மட்டும் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: விதிகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஜாம்பி எப்படிப் பரவுகிறது, எதைக் கேட்டு வருகிறது, எப்படி நிற்கும், கதவைத் திறக்குமா, படியேறுமா, நீந்துமா: இவற்றுக்கான விடைகளைத் திரைக்கதைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி, படம் முடியும்வரை மீறாதீர்கள். பார்வையாளர் ஜாம்பி இருப்பதை நம்பிவிடுவார். அது முதல் பாதியில் திறக்கத் தெரியாத தாழ்ப்பாளை இரண்டாம் பாதியில் திறந்தால் மன்னிக்க மாட்டார்.

விதியை வசனத்தில் சொல்லாமல் காட்சியில் சொல்ல வேண்டும். 2016இல் வந்த கொரியப் படமான 'ட்ரெயின் டு பூசான்' இதற்கு நல்ல பாடம். ஓடும் ரயிலில் ஒரு பெண் கதவுக் கண்ணாடியில் தண்ணீரைக் கொட்டிச் செய்தித்தாளை ஒட்டுகிறார். மறுபக்கத்தில் மோதிக்கொண்டிருந்தவை அடங்கிவிடுகின்றன. கண்ணில் பட்டால்தான் பாயும் என்பது ஒரு சொல்லும் இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது. வெள்ளைக் கோட்டு அணிந்த விஞ்ஞானி ஒருவர் கணினித் திரையைக் காட்டி மூன்று நிமிடம் விளக்கும் காட்சி உங்கள் கதையில் இருந்தால், அதை இப்போதே எடுத்துவிடுங்கள். ரொமேரோவின் படத்தில் வெள்ளிக் கோளுக்குப் போய் வந்த விண்கலத்தின் கதிரியக்கம் காரணமாக இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் பேசிக்கொள்கிறார்களே ஒழிய, கடைசிவரை அது உறுதியாவதில்லை. காரணம் தெரிந்தால் மருந்து தெரியும், மருந்து தெரிந்தால் பயம் போய்விடும். மேலும், உண்மையான ஓர் ஆலையின் பெயரைச் சொல்லி அதன் கழிவில்தான் நோய் பிறந்தது என்று எழுதினால், உங்களைத் தேடி வருவது வக்கீல் நோட்டீஸாக இருக்கும்.

வேகமா, மெதுவா என்ற பழைய வழக்குக்கு என் தீர்ப்பு மெதுவுக்கே. மெதுவாக வரும் உடல் தயக்கத்துக்கு நேரம் கொடுக்கிறது; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம், பின்வாங்கலாம், மறுபடி கூப்பிடலாம். ஓடும் ஜாம்பியிலும் அது முடியாததன்று. 2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் ஒரு தந்தையின் கண்ணில் பிணத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. மகளிடம் அன்பைச் சொல்லவும் "கிட்டே வராதே" என்று விரட்டவும் அவருக்குச் சில விநாடிகளே இருக்கின்றன. அந்தச் சில விநாடிகளைத்தான் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கடிபட்டவர் மாறுவதற்கான நேரத்தை வெறும் எண்ணாக வைக்காமல், ஊர் அறிந்த ஒரு பயணத்தால் அளந்து வையுங்கள். காசிமேட்டிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்ச்சேரும் நேரம் என்று வைத்தால், கடிபட்ட மகனை மடியில் சாய்த்துக்கொண்டு தாய் உட்கார்ந்திருக்கும் அந்தப் பின்னிருக்கையிலேயே உங்கள் படத்தின் பாதி இருக்கிறது. வழியில் எங்கே நெரிசல் என்பது பார்வையாளருக்கே தெரியும்.

படி 3: இடத்தைக் காலால் அளந்து, முதலிலேயே காட்டிவிடுங்கள்

வடசென்னை முழுவதையும் அழிக்க ஆசைப்படாதீர்கள். ஒரு சந்து, ஒரு முனை, ஒரு வெளியேறும் வழி போதும். ரொமேரோவின் முதல் படம் ஒரு பண்ணை வீட்டிலும், 1978இல் அவர் எடுத்த 'டான் ஆஃப் த டெட்' பெரும்பாலும் ஒரு வணிக வளாகத்திலும் அடங்கிவிடுகின்றன. வளாகத்தின் கடைகள் மூடிய பிறகு இரவுகளில்தான் அதைப் படம்பிடித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த களம், மீன்பிடித் தடைக்காலத்துக் காசிமேடு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசியபடி நெருக்கி நிற்கும். ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவியே நெடுந்தூரம் போய்விடலாம். ஏலம் ஓய்ந்திருக்கும், ஐஸ் உடைக்கும் இயந்திரங்களில் பல சும்மா நிற்கும், ஆண்கள் வலை பழுது பார்த்துக்கொண்டு நிழலில் அமர்ந்திருப்பார்கள். கடல் திறந்தே கிடக்கிறது, படகுகளும் இருக்கின்றன, ஆனால் பழுது பார்க்கக் கழற்றிப் போட்ட எஞ்சின் பாதிப் படகுகளில் இல்லை. தப்பிக்கும் வழி கண்ணெதிரே இருந்தும் உதவாத இப்படி ஒரு நிலையை எழுத்தாளர் தாமாகக் கற்பனை செய்வது கடினம். இங்கே அது நாள்காட்டியிலேயே இருக்கிறது.

இடத்தைத் தேர்ந்த பிறகு நடந்து பாருங்கள். எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த வீட்டு மாடிப்படி தெருவிலிருந்தே ஏறுகிறது, பக்கிங்காம் கால்வாயைக் கடக்க அடுத்த பாலம் எத்தனை நிமிடத் தொலைவு, கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால் வண்டிகளின் வரிசை எதுவரை நீள்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஜாம்பி தலைகாட்டுவதற்கு முன்பே, சாதாரண நாளொன்றில் ஒரு சிறுவன் பால் பாக்கெட் வாங்கப் போய்வருவதாக வைத்து, அந்த வழி முழுவதையும் பார்வையாளருக்குக் காட்டிவிடுங்கள். பின்னால் அதே வழியில் கதாநாயகி ஓடும்போது, முட்டுச்சந்தில் திரும்பப் போகிறாள் என்று அவளுக்கு முன்பே அரங்கத்துக்குத் தெரிந்திருக்கும்.

படி 4: முதல் பிணத்தை எழுப்புங்கள்

உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்த ஒரு காட்சிக்குப் போக வேண்டும். முதல் பிணம் எங்கோ ஆய்வகத்திலோ காட்டிலோ எழக் கூடாது. சாவு வீட்டில் எழ வேண்டும். நம் பக்கத்தில் சாவு தெருவில் நடப்பது. சாமியானா போட்டு, வாடகை நாற்காலிகளைப் பரப்பி, கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியை வாசலில் வைத்து, மாலைகள் குவிய, விடியவிடிய கானா பாடி வழியனுப்பும் ஊர் இது. மேலைநாட்டுப் படங்களில் இருட்டறையில் தனியாக எழும் பிணம், இங்கே நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழும்.

நம் சடங்குகளையே கவனியுங்கள். இறந்தவரின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்துத் தலையோடு துணியால் கட்டுகிறோம். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறோம். அதாவது, தமிழ்ப் பிணம் எழுந்தால் அதனால் கடிக்க முடியாது, நடக்கவும் முடியாது. இந்த இரண்டு கட்டுகளும் நமக்குத் திரைக்கதையாகவே கிடைத்திருக்கின்றன. கட்டை யாராவது அவிழ்க்க வேண்டும். யார் அவிழ்ப்பார்கள் என்பதுதான் கேள்வி.

நான் எழுதி வைத்திருக்கும் காட்சி இது. அதிகாலை மூன்று மணி, பாடியவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் ஆயா படுத்திருக்கிறார். பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது. சென்னையின் ஈரக்காற்றில் பெட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் எப்போதும் பனித்துப்போகும். முகம் பார்க்க வருபவர்கள் துண்டால் துடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பேரனும் துடைக்கிறான். மூக்குக்கு நேரே ஓர் உள்ளங்கை அளவு பனிப்படலம் மட்டும் போகவில்லை. மறுபடி துடைக்கிறான். அது உள்பக்கத்தில் இருக்கிறது. அது சுருங்குகிறது, பிறகு மெல்ல விரிகிறது.

இந்த இடத்தில் புதிதாக எழுதுபவர்கள் அவனை அலறிக்கொண்டு ஓட வைப்பார்கள். உண்மையில் அவன் என்ன செய்வான்? "எம்மா, ஆயாவுக்கு மூச்சு வருதும்மா!" என்று மகிழ்ச்சியில் கத்துவான். தெருவே எழுந்து வரும். சாகாத பிணத்தைப் பெட்டியில் வைத்துவிட்டோமே என்று மகன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். யாரோ ஒருவர் மூடியைத் தூக்குவார், ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் போடுவார், ஆயாவின் கண்ணிமை துடிப்பதைக் கண்டு பெண்கள் சாமி பெயரைச் சொல்லி அழுவார்கள். "மூச்சு வுடட்டும், துணிய அவுருடா" என்று பெரியவர் ஒருவர் சொல்ல, தாடைக் கட்டை அவிழ்ப்பவன் மூத்த மகனாக இருப்பான். தாயின் தலையை மடியில் தாங்கிக்கொண்டுதான் அவிழ்ப்பான்.

அந்த முடிச்சு அவிழும் நேரத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுங்கள். ஈரத்தில் இறுகிய முடிச்சு சட்டென்று அவிழாது. நகத்தால் நெம்ப வேண்டும், ஒருவர் கத்தரிக்கோல் தேட வேண்டும். இது ஜாம்பி படம் என்று தெரிந்தே வந்திருக்கும் பார்வையாளர் "வேண்டாம்" என்று உள்ளுக்குள் கத்துகிறார். அதே நேரத்தில், ஒருவேளை உண்மையாகவே பிழைத்துவிட்டாரோ என்ற ஆசையும் அவருக்குள் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. ரொமேரோவின் படத்தில், மாறிப்போன மகள் கொத்துக்கரண்டியோடு நெருங்கும்போது தாய் எதிர்த்துப் போராடாமல் நின்றுவிடுகிறாளே, அந்தத் திகைப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கால் கட்டை அவிழ்க்க எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதனால் ஆயா நடப்பதில்லை. இரண்டு காலும் ஒன்றாக, சின்னச் சின்னதாகக் குதித்து வருகிறார். தாளில் படிக்கும்போது சிரிப்பு வரும். திரையில், அகலம் குறைந்த சந்தில், வாழைமட்டை போல இறுகிய உடல் ஒன்று குதித்து வரும் ஓசையை முதலில் கேட்கவிட்டுப் பிறகு காட்டினால் சிரிப்பு வராது.

படி 5: ஆட்களுக்கு வேலை கொடுங்கள்

கதை மாந்தர்களை நல்லவர், கெட்டவர், கோழை என்று பிரிக்காமல், அவர்கள் செய்யும் வேலையால் பிரியுங்கள். ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுப்பவர், வலை பின்னுபவர், கன்டெய்னர் லாரி ஓட்டுநர், மாநகரப் பேருந்து நடத்துநர், பிரசவ வார்டு ஆயாம்மா: ஒவ்வொருவருக்கும் கை அறிந்த ஒரு வித்தை உண்டு, அது கதையில் ஒருமுறை உதவ வேண்டும், ஒருமுறை உதவாமல் போக வேண்டும். வடசென்னை என்றாலே அரிவாள், கேரம் போர்டு, குத்துச்சண்டை என்று திரையில் பார்த்துப் பார்த்து எங்களுக்கே சலித்துவிட்டது. எல்லோர் வாயிலும் "இன்னா நைனா" என்று திணிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பேச்சுமொழி எழுதத் தெரியவில்லை என்றால், அந்தத் தெருவில் நாலு நாள் டீ குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இங்கே ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பின் இரண்டாம் இரவில், எங்கள் நடிகர் ஒருவர் கழுத்து முழுக்கப் போலி ரத்தத்தோடு யாரிடமும் சொல்லாமல் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் அடித்து நின்றது. "ஏறுப்பா, காசெல்லாம் வேணாம், ஏறு" என்று ஓட்டுநர் அவர் தோளைப் பிடித்து இழுக்க, உள்ளே இருந்த அக்கா ஒருவர் முந்தானையைச் சுருட்டிக் கழுத்தில் வைத்து அழுத்திவிட்டார். நடிப்பு என்று விளக்கி முடிப்பதற்குள் வண்டி அடுத்த சிக்னலைத் தாண்டிவிட்டது. அந்த அக்காவின் புடவைக்குப் பணம் கொடுத்தோம். வாங்கிக்கொள்ளாமல் திட்டிவிட்டுப் போனார்.

படங்களில் கடிபட்டவனைக் கண்டு ஊரே தெறித்து ஓடுகிறது. எங்கள் ஊரில் ரத்தத்தைப் பார்த்தால் கூட்டம் கூடும், தூக்கும், வண்டியில் ஏற்றும். ஆகவே நோய் பரவுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும்: ஓடத் தெரியாத முட்டாள்களால் பரவாமல், தூக்க வந்த கைகளால் பரவ வேண்டும். இரண்டாம் பாதியில், உதவி கேட்டு வருபவனைக் கதவைத் திறந்து சேர்ப்பதா என்ற கேள்வி எழும்போது, வழக்கமாகக் கதவைத் திறக்கும் மனிதர்கள்தான் தயங்க வேண்டும்.

படி 6: உடலும் ரத்தமும்

துணை நடிகர்களிடம் "ஜாம்பி போல நடங்கள்" என்று சொன்னால், எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு தலையைச் சாய்ப்பார்கள். அதற்குப் பதிலாக, சாகும் முன் கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலை எது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். 1978 படத்தில் செத்தவர்கள் வணிக வளாகத்துக்குத் திரும்பி வருவது பழக்கத்தால்தான் என்று ஒரு பாத்திரம் சொல்லும். நம் தெருவின் பழக்கம் என்ன? விடியற்காலை நாலு மணிக்கு அடிபம்பு அடிக்கும் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால், நைட்டி மேல் துண்டு போட்ட பக்கத்து வீட்டு அக்கா, முதுகைக் காட்டியபடி, சீராகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். கீழே குடம் இல்லை. தண்ணீர் தெரு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஷாட்டுக்கு முகப்பூச்சு செலவு சுழி.

முகம் தெரியும் இடங்களில், சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளைப் பூச்சைத் தவிர்த்து, பழுப்பும் பச்சையும் கலந்த சாம்பல் நிறத்தை மிக மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்குக்கும் பவுடர் ஒற்றுங்கள். கழுத்தையும் காதுமடலையும் புறங்கையையும் மறந்துவிட்டால் ஒரே ஷாட்டில் குட்டு உடைந்துவிடும். மலிவான கான்டாக்ட் லென்ஸ் வாங்கி ஒருவர் மாற்றி ஒருவர் போடுவது கண்ணுக்குக் கேடு. அதை அறவே செய்யாதீர்கள். வெளிறிய பார்வையைப் படத்தொகுப்பில் நிறம் குறைத்துக் கொண்டுவரலாம்.

ரத்தத்துக்கு, ஒரு கிலோ சர்க்கரையை அரை லிட்டர் தண்ணீரில் கரையவிட்டுக் கொதிக்க வைத்து, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறி இறக்குங்கள். ஆறிய பிறகு, சிவப்பு உணவு நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியாக ஒரு தேக்கரண்டி கோகோ பவுடரைக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கோகோ இல்லாவிட்டால் ரத்தம் ரோஸ்மில்க் போல இருக்கும். உண்ணும் பொருள்கள்தான் என்பதால் வாயில் வைக்கலாம். 1968 படம் கறுப்பு வெள்ளை என்பதால் சாக்லேட் சிரப்பே ரத்தமாகப் போதுமானதாக இருந்தது. இனிப்புக்கு எறும்பும் ஈயும் வரும். ரத்தம் கொட்டும் ஷாட்களை இரவின் கடைசியில் வைத்து, எடுத்து முடித்தவுடன் தெருவைக் கழுவிவிடுங்கள். நாங்கள் கழுவாமல் போன வாசல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் ஒலிக்கிறது.

படி 7: ஒலி

குறைந்த செலவில் எடுக்கும் படத்துக்கு ஒலியே பெரிய முதலீடு. நீங்கள் காட்ட முடியாத கூட்டத்தை ஒலி கூட்டி வந்துவிடும். வடசென்னையில் இரவு ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை: துறைமுகத்துக் கப்பலின் ஊதல், பின்னோக்கி வரும் கன்டெய்னர் லாரியின் பீப் சத்தம், சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை. இவற்றைக் கைப்பேசியிலாவது பதிவு செய்து, படத்தின் முதல் கால் மணி நேரம் முழுக்கப் பின்னணியில் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். எதையும் காட்டாமலேயே, ஏதோ சரியில்லை என்று இந்த ஊர்க்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

எலும்பு முறிவதற்கு முட்டைக்கோஸ் தண்டையும், தசை கிழிவதற்கு ஈரத்துணிக்குள் வைத்து முறுக்கிய கரும்பையும் பயன்படுத்தினோம், நன்றாகவே இருந்தது. ஜாம்பியின் குரலுக்கு உறுமல் வேண்டாம். தாடைக் கட்டு அவிழாத ஒருவர் பேச முயன்றால் என்ன ஒலி வருமோ அதை முயன்று பாருங்கள். அதில் தெரிந்த பெயர் ஒன்றின் முதலெழுத்து கேட்பது போலவும் கேட்காதது போலவும் இருந்தால், அதற்கு மேல் எந்தப் பின்னணி இசையும் தேவைப்படாது.

கானாவையும் இங்கேதான் யோசிக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் சாவு வீட்டில் பாடப்படும் கானா, பின்னால் பாடகர் மாறிப்போன பிறகு, வரிகள் இல்லாமல் விரல்கள் மட்டும் தகரத்தில் அதே தாளத்தைத் தட்டுவதாகத் திரும்பி வரலாம். ஒருமுறைக்கு மேல் திரும்பி வந்தால் அதுவே பாட்டுக் காட்சியாகிவிடும்.

படி 8: படப்பிடிப்பு

மீன்பிடித் துறைமுகம், ரயில்வே நிலம், மெட்ரோ நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். தண்டவாளத்தில் அனுமதியில்லாமல் கால்கூட வைக்காதீர்கள். தெருவில் எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லி, முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளின் வாசலைத் தவிர்த்துவிடுங்கள். அண்மையில் சாவு விழுந்த தெருவில் ஐஸ் பெட்டிக் காட்சியை எடுக்கவே கூடாது.

இருபது பேரை வைத்து இருநூறு பேரைக் காட்டுவது இந்தத் தெருக்களில் எளிது. ஆறடி அகலச் சந்தில் இருபது பேர் நின்றாலே சுவருக்குச் சுவர் அடைத்துவிடும். நல்ல முகப்பூச்சு உள்ள மூவரைக் கேமராவுக்கு அருகிலும், பாதிப் பூச்சு உள்ள ஏழெட்டுப் பேரை நடுவிலும், மற்றவர்களைப் பின்னால் ஓர் ஆட்டோவின் முகப்பு விளக்கை எரியவிட்டு நிழலுருவங்களாகவும் நிறுத்துங்கள். ஓடும் காட்சிகளில், விநாடிக்கு 24 சட்டகங்கள் என்ற கணக்கை மாற்றாமல், ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, மட்டும் வழக்கமான 1/50 விநாடியிலிருந்து 1/200 விநாடிக்கு மாற்றினால், அசைவு வெட்டி வெட்டித் தெரிந்து உறுத்தும். '28 டேஸ் லேட்டர்' அந்தக் காலத்துச் சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில்தான் பெரும்பாலும் எடுக்கப்பட்டது என்பதை, கேமரா வாடகைக்குக் கடன் வாங்கும் முன் நினைத்துப் பாருங்கள்.

படி 9: வெட்டும் சோதனையும்

படத்தொகுப்பில் உங்கள் கை தானாகவே ஜாம்பி பாயும் ஷாட்டை நோக்கி ஓடும். பாய்வதற்கு முன்புள்ள ஷாட்டை, அதாவது கடிபடப் போகிறவர் அந்த முகத்தை அடையாளம் காணும் ஷாட்டை, இரண்டு விநாடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். அதிர்ச்சி ஓசையோடு சட்டென்று தோன்றும் முகங்களுக்குப் படம் முழுக்க மூன்று இடங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

முடிந்ததும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிப் பயனில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெருக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம் கொடுத்து உட்கார வையுங்கள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில், அவர்களைப் பார்த்தபடி, ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் பொட்டலத்துக்குள் போன கை வெளியே வராமல் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கை தொடர்ந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காட்சிகளை மறுநாள் திறந்து, ஒவ்வொன்றிலும் வரும் பிணம் யாருக்கு என்ன உறவு என்று பாருங்கள். உறவு எதுவும் எழுதப்படாத பிணங்களை வெட்டிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி சுண்டல் வாங்குங்கள்.